ஆட்சேபணை இல்லையே?

புகை பிடிக்கிற எல்லாரையும் பற்றிப் பேச வரவில்லை, பயப்படாதீர்கள். பற்றவைத்தோம், இழுத்தோம், காலில் போட்டு மிதித்தோம், வேலையைப் பார்க்கப் போனோம் என்று இருக்கிற அப்பாவிகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே சொல்ல வந்தது வேறொரு இனத்தைப் பற்றி. மற்றவர்கள் புகையை மட்டும் விடுவார்கள். இவர் புகையோடு ஒரு கொள்கையையும் சேர்த்து விடுவார். சுதந்திரப் புகையர் என்று இவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

கண்டுபிடிப்பது சுலபம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ‘புகை பிடிக்காதீர்’ பலகை எங்கே இருக்கிறதென்று பாருங்கள். அதற்கு நேர் கீழே நின்று ஊதுகிறவர் சாதாரண ஆசாமி, பலகையைப் படிக்காதவர். பலகையை இரண்டு முறை படித்து, அதன் அதிகாரம் எந்த இடத்தோடு முடிகிறது என்று கணக்குப் பார்த்து, சரியாக அங்கிருந்து ஓரடி தள்ளி நிற்கிறாரே, அவர்தான் நம்மவர். ரயில் என்றால் கை வெளியே, ஆள் உள்ளே. வீடு என்றால் கால் பால்கனியில், முகம் ஹாலில். எல்லைக்கோட்டில் நிற்பதில் இவருக்கு இணையாக எந்த நாட்டுச் சிப்பாயும் கிடையாது.

பற்றவைக்கிற சடங்கு ஒன்று இருக்கிறது. முதலில் சட்டைப்பையைத் தட்டுவார்; பிறகு கால்சட்டைப் பை; மறுபடியும் சட்டைப்பை. தீப்பெட்டி எங்கே இருக்கிறதென்று நமக்கே தெரிந்துவிடும், அவருக்குத் தெரியாது. கிடைத்ததும் சிகரெட்டைப் பெட்டியின் மேல் மூன்று முறை தட்டுவார். ஏன் மூன்று? கேட்டுவிடாதீர்கள், அதற்கும் ஒரு காரணம் சொல்வார். குச்சியைக் கிழித்து, இரண்டு கையாலும் பொத்திப் பற்றவைத்து, முதல் இழுப்பை அடிவயிறுவரை இறக்கி, கண்ணைப் பாதி மூடி, மெல்ல அதை வெளியே அனுப்பி, எல்லாம் முடிந்த பிறகு, மிகமிக மரியாதையாகப் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்பார்:

“உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

வரிசையைக் கவனித்தீர்களா? குச்சி முதலில், கேள்வி பிறகு. அந்த நேரத்தில் எந்த மனிதர் “இருக்கிறது” என்பார்? எரிகிற சிகரெட்டை என்ன செய்யச் சொல்வது? விழுங்கவா? ஆகவே எல்லாரும் “பரவாயில்லை” என்பார்கள். அதை நம்மவர் வாக்குச்சீட்டுப் போல மடித்து உள்ளே போட்டுக்கொள்வார். அவரைப் பொறுத்தவரை இந்தத் தேர்தலில் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் யாருக்கும் உறைக்காது. ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் குடிநீர் வாரிய அலுவலகத்தின் கடிதப் பிரிவில் கண்காணிப்பாளர். வயது ஐம்பத்தாறு. ‘எங்கள் தெருவில் ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை’ என்று ஜனங்கள் எழுதினால், ‘தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் அக்கறை போற்றத்தக்கது’ என்று பதில் போடுகிற பிரிவு அது. தண்ணீர் வராவிட்டாலும் பதில் பிழையில்லாமல் போய்ச் சேரும். அந்தப் பெருமை முழுக்க முழுக்க இவருடைய சிவப்புப் பேனாவைச் சேரும். அந்த அலுவலகத்திலிருந்து வெளியே போகிற எந்தத் தாளும், அது விடுப்பு விண்ணப்பமாகவே இருந்தாலும், இவர் திருத்தாமல் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். இவர் கை பட்ட கடிதம் மேலிடத்திலிருந்து திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. முகத்துக்கு நேரே எல்லாரும் ‘சார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘சுதந்திரம்’. அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. உள்ளூர அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

மூன்றடி தள்ளி டைப்பிஸ்ட் அம்மா. கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை. பதினொரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. நம்மவர் மூளை எவ்வளவு தெளிவோ, கையெழுத்து அவ்வளவு மோசம். எழுதி முடித்து ஐந்து நிமிஷம் கழித்து அவராலேயே படிக்க முடியாது. உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அந்த அம்மாதான். அவர் ஒருநாள் லீவு போட்டால் ஊர் முழுக்க யாருக்கும் பதில் போகாது.

சரி, கொள்கைக்கு வருவோம். வாரத்துக்கு ஒருமுறையாவது பம்ப் இன்ஜினியர் மாடி ஏறி வந்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்.

“ஏன் சார், நாளைக்கு உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணு வந்தா அரசாங்க ஆஸ்பத்திரியிலதானே போய்ப் படுப்பீங்க? அந்தச் செலவெல்லாம் யார் தலையிலே? எங்க தலையிலதானே?”

“நான் ஊதின ஊதுக்கு வாங்கின வரியிலேயே அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மாடி எழும்பியிருக்கும்யா. படுக்கை எனக்கு உரிமை. உங்களுக்குத்தான் ஓசி.”

“அதெல்லாம் சரி சார், இருந்தாலும்...”

“இருங்க, நான் முடிச்சுக்கறேன். நீங்க கணக்குப் புலியாச்சே, போடுங்க. நான் உங்களைவிடப் பத்து வருஷம் முன்னாடியே போயிடறேன்னு வெச்சுக்குவோம். பத்து வருஷ பென்ஷன் மிச்சம். நஷ்டம்கிறீங்களே, லாபம்யா! நாட்டுக்காக உயிரைக் குடுத்துக்கிட்டிருக்கேன், ஒருத்தனாவது கை தட்டறானா?”

இன்ஜினியர் இதற்கு மேல் பேச மாட்டார். பேச முடியாது, அதற்குள் நம்மவர் விட்ட புகையில் அவருக்கு இருமல் வந்துவிடும். வாதத்தில் நம்மவரை யாரும் ஜெயித்ததில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம். இருமல் அடங்கினாலும் அடுத்த சரக்கு தயாராக இருக்கும்: தொண்ணூற்றிரண்டு வயதுவரை சுருட்டை வாயிலிருந்து எடுக்காமல், கடைசியில் ஏணியிலிருந்து விழுந்து போன பெரியப்பா, தினம் மூன்று பெட்டி ஊதுகிற நெஞ்சு டாக்டர், ஜன்னலுக்கு வெளியே போகிற லாரி. “அது விடற புகையை யாராவது போய்க் கேட்டீங்களா? லாரின்னா பயம், நான்னா இளக்காரம்.” ஒவ்வொரு சுதந்திரப் புகையருக்கும் இப்படி ஒரு பெரியப்பா இருந்தே தீருவார். இவ்வளவு பெரியப்பாக்கள் உலகத்தில் எங்கிருந்துதான் வந்தார்களோ தெரியவில்லை.

பென்ஷன் லாபக் கணக்கு அலுவலகத்தில் அமோகமாக எடுபட்டது. அந்த உற்சாகத்தில் அன்று மாலை வீட்டிலும் அதை அவிழ்த்துவிட்டார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“கவர்மென்டுக்கு லாபம், சரி. அந்தப் பத்து வருஷம் நான் என்ன பண்றது?”

“உன்கிட்டே போய்ச் சொன்னேன் பாரு. ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்கத் தெரியுதா?”

சொல்லிவிட்டுப் பால்கனிப் பக்கம் போய்விட்டார். தீப்பெட்டியைத் தேடுவதற்கு அன்று கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

‘நான் யாரையும் தொந்தரவு பண்றதில்லை’ என்பது இவருடைய கொள்கையின் உச்சி. கேட்கிறவர்களுக்கே அது நிஜம்தான் என்று தோன்றும். ஆனால் இந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஆள்படையே வேலை செய்கிறது, அதைத்தான் அவர் பார்த்ததில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கிற குரோட்டன்ஸ் தொட்டியிலிருந்து துண்டுகளைப் பொறுக்குவது அட்டெண்டரின் தினசரி வேலை. செடி செத்துப்போய் வருஷமாகிறது, தொட்டி மட்டும் உத்தியோகத்தில் இருக்கிறது. நம்மவர் படிக்கட்டுக்குப் போயிருக்கும்போது டெலிபோன் அடித்தால் “சார் மீட்டிங்கில இருக்காங்க” என்று பொய் சொல்வது டைப்பிஸ்ட் அம்மாவின் பங்கு. வாரம் தவறாமல் ஹால் திரைச்சீலையைத் துவைத்துப் போடுவதும், சட்டைப்பையில் தீப்பொறி பட்ட ஓட்டையைத் தைப்பதும் மனைவியின் இலாகா. வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். சரியாக ஆறேகால் மணிக்கு எழுந்து ஜன்னலைச் சாத்துவார், ஏழு மணிக்குத் திறப்பார். வாடிக்கையாளர் துணியில் வாடை ஏறிவிடக் கூடாதே! நம்மவர் இதையெல்லாம் கவனித்ததுண்டா? “மேல்வீட்டம்மா கொஞ்சம் காத்துக்குப் பயந்தவங்க போலிருக்கு” என்று ஒருமுறை சொன்னார்.

அலுவலகத்தில் அவருடைய உண்மையான சாம்ராஜ்யம் படிக்கட்டு இல்லை, ஜன்னல். சாப்பாட்டுக்குப் பிறகு மேலதிகாரி தன் அறையில் கண்ணயர்கிற நேரம் ஒன்று உண்டு. அப்போது நம்மவர் தன் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அறை உள்ளே, ஜன்னல் என்பது சட்டப்படி வெளியே. இது அவர் கண்டுபிடித்த சட்டம். புகையை அவர் வெளியேதான் விட்டார், குறை சொல்ல முடியாது. காற்றும் மேலே சுற்றுகிற விசிறியும் சேர்ந்துகொண்டு அதை அப்படியே திருப்பி டைப்பிஸ்ட் அம்மாவின் முகத்துக்கு அனுப்பின. காற்று செய்கிற காரியத்துக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

“ஆட்சேபணை இல்லையேம்மா?”

“பரவாயில்லை சார்.”

பதினொரு வருஷம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சாம்ராஜ்யத்துக்கு ஓர் ஆபத்து வந்தது. புதிதாக வந்திருந்த மேலதிகாரி படியேறும்போது குரோட்டன்ஸ் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டார். ‘இந்தக் கட்டடத்தினுள் எங்கும் புகை பிடிக்கக் கூடாது’ என்று ஒரு தாளில் எழுதி, நல்லபடியாக ஓர் அறிவிப்பாக ஆக்கித் தரும்படி அனுப்பிவைத்தார். யாருக்கு? வேறு யாருக்கு! அலுவலகத்திலிருந்து எந்தத் தாளும் நம்மவர் திருத்தாமல் போகக் கூடாதே.

நம்மவர் பேனாவைத் திறந்தார். ‘கட்டடத்தினுள்’ என்றால் ஜன்னல் சேர்த்தியா, இல்லையா? ‘கூடாது’ என்பது மிரட்டல் மாதிரி இருக்கிறதே, ஜனநாயக நாட்டில் ஒரு குடிநீர் வாரியம் மிரட்டலாமா? முதல் வாரம் அதை ‘தவிர்ப்பது நலம்’ என்று மாற்றினார். இரண்டாவது வாரம் ‘தவிர்க்க முயலலாம்’ ஆயிற்று. மாதக் கடைசியில் ‘தவிர்ப்பது குறித்து அவரவர் சிந்திக்கலாம்’ என்று வந்து நின்றது. மேலதிகாரி கேட்கும்போதெல்லாம் “திருத்தத்திலே இருக்கு சார்” என்பார். அவசரப்பட்டு ஓர் அரைகுறைத் தாளை அனுப்பிவிட அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. நான்கு வருஷமாக அது அவருடைய மேசைத் தட்டில், மற்ற காகிதங்களுக்கெல்லாம் அடியில் கிடந்தது. மேலதிகாரியும் மறந்துபோனார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒருநாள் மத்தியானம். நம்மவர் சாப்பிட்டுவிட்டு வந்து ஜன்னல் பக்கம் திரும்பினார். டைப்பிஸ்ட் அம்மா எழுந்து வந்து ஒரு தாளை அவர் மேசையில் வைத்தார்.

“என்னம்மா இது?”

“ஹெட் ஆபீசுக்குப் போகணும் சார். கொஞ்சம் பார்த்துக் குடுத்தீங்கன்னா...”

பார்த்தார். அடித்தளத்தில் இருக்கிற ஆவண அறைக்குத் தன்னை மாற்றித் தரும்படி விண்ணப்பம். நம்மவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். ஆவண அறைக்கு யாராவது கேட்டுப் போவார்களா? தண்டனையாக அனுப்பினால் போவார்கள். பழைய கோப்புகளும் கரப்பான்பூச்சிகளும் ஒரு குண்டு பல்பும் இருக்கிற இடம் அது.

இன்னொரு விஷயமும் அவருக்கு உறைத்தது. இந்த அம்மா போய்விட்டால் தன் எழுத்தைப் படிக்க ஆள் இல்லை. கடிதப் பிரிவு படுத்துவிடும். அதைவிட, பதினொரு வருஷமாக ஒரு நல்ல வாக்கியம் எழுதினால் அவர் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அந்த மேசையைத்தான். அந்த நாற்காலி காலியாக இருப்பதை நினைத்தபோது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

இருந்தாலும் அவர் தொழில்காரர். கையில் தாள் இருக்கும்போது தொழில்தான் முந்திக்கொண்டு வரும்.

“இது நிக்காதும்மா. காரணம் என்ன எழுதியிருக்கீங்க? ‘அங்குள்ள சூழல் எனக்கு ஏற்றதாக இருக்கும்.’ ஹெட் ஆபீஸ்ல இதைப் படிச்சா சிரிப்பாங்க. என்ன சூழல்? யாருக்கு ஏற்றது? சவசவன்னு இருக்கு. காரணம்னா நிமிர்ந்து நிக்க வேண்டாமா?”

“நீங்களே ஏதாவது போட்டுக் குடுங்க சார்.”

“நானே எப்படிப் போடறது? விஷயம் என்னன்னு சொல்லுங்க. முழங்கால் வலியா? மாடி ஏற முடியலையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்.”

“இங்கே யாராவது ஏதாவது சொன்னாங்களா? யாருன்னு சொல்லுங்க, நான் கேக்கறேன்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலை.”

“பின்னே? அங்கே ஒரு ஜன்னல்கூடக் கிடையாதேம்மா!”

“ஜன்னல் இல்லைன்னுதான் சார் கேக்கறேன்.”

இது நம்மவருக்குப் புரியவில்லை. புரியாத விஷயம் வந்தால் என்ன செய்வார்? சட்டைப்பை, கால்சட்டைப் பை, மறுபடி சட்டைப்பை. மூன்று தட்டு. குச்சி. ஓர் இழுப்பு இழுத்து, யோசனையோடு ஜன்னல் பக்கம் ஊதிவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டார்:

“ஆட்சேபணை இல்லையே?”

“பரவாயில்லை சார்.”

அந்த அம்மாவுக்கும் பழக்கதோஷம்தான். சொல்லி வாயை மூடுவதற்குள் இருமல் வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமி முடித்தார், தண்ணீர் குடித்தார், பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். பதினொரு வருஷத்தில் அவ்வளவு நீளமாக அவர் பேசி நம்மவர் கேட்டதில்லை.

“போன மாசம் நெஞ்சு டாக்டர்கிட்டே போயிருந்தேன் சார். படம் எடுத்துப் பார்த்தாரு. ‘வீட்டிலே யாரும்மா சிகரெட் பிடிக்கிறாங்க?’ன்னு கேட்டாரு. யாரும் இல்லைன்னேன். நம்பலை. ‘உங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்க’ன்னுட்டாரு. கூட்டிக்கிட்டுப் போனேன். பத்து நிமிஷம் நிக்கவெச்சுத் திட்டினாரு சார். ‘பொண்டாட்டி மேலே கொஞ்சமாவது அக்கறை இருக்கா? உன் சந்தோஷத்துக்கு அவங்க நெஞ்சுதான் கிடைச்சுதா?’ அப்படி இப்படின்னு. இவரு பாவம், ஜென்மத்திலே ஒரு சிகரெட் தொட்டது கிடையாது. ஒரு வார்த்தை பதில் பேசாம கேட்டுக்கிட்டு நின்னாரு.”

“ஏன்? ‘நான் பிடிக்கறதில்லை’ன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“வெளியிலே வந்து நானும் அதைத்தான் கேட்டேன். ‘யாருன்னு கேட்டா நீ உங்க சாரைச் சொல்ல வேண்டி வரும். நல்ல மனுஷன்னு சொல்லுவியே, எதுக்கு?’ன்னாரு.”

 நம்மவர் வாயில் ஒரு கொள்கையும் வரவில்லை. வரி வரவில்லை, லாரி வரவில்லை, பெரியப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ ஒரு மனிதர், முகம்கூடச் சரியாகத் தெரியாத மனிதர், நம்மவருக்கு வர வேண்டிய திட்டை வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நம்மவருக்கு வெட்கமாக இருந்தது. 

“இதை ஏம்மா நீங்க எழுதலை?” என்றார்.

“எழுதினா நீங்கதானே சார் திருத்தணும்?”

“ஒருதரம் எங்கிட்டே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. நான் தினம் கேட்டேனே?”

“நீங்க கேக்கும்போது பத்தவெச்சிருப்பீங்களே சார்.”

சிகரெட் விரலைச் சுட்டது. மைப்புட்டியின் மூடியில் அதை வைத்து நசுக்கினார். பிறகு தாளை அருகில் இழுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, ‘அங்குள்ள சூழல்’ என்ற வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் மேல் எழுத ஆரம்பித்தார். முதல் வரி தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது வரியில் பேனா ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பாருங்கள், அந்த மனிதருக்குத் தான் யார், இது யாரைப் பற்றிய கடிதம் என்பதெல்லாம் மறந்தே போயிற்று. வெறும் காரணம் மட்டும் முன்னால் நின்றது. இப்படிப்பட்ட ஓர் அருமையான காரணம் இருபது வருஷத்தில் அவர் கையில் சிக்கியதில்லை. முடித்துவிட்டு, தாளைக் கையெட்டத் தள்ளிப் பிடித்து, எழுதின சூட்டில் எழுத்து இன்னும் மறக்காமல் இருந்ததால், உரக்கப் படித்தார்:

“‘எனது இருக்கைக்கு மூன்றடி தூரத்தில் அமர்ந்துள்ள கண்காணிப்பாளர், கடந்த பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு வேலை நாளும் ஜன்னலோரம் நின்று புகை பிடித்து வருகிறார் என்பதையும், தீக்குச்சி எரிந்து முடிந்த பின்னரே என் அனுமதியைக் கேட்டு வருகிறார் என்பதையும், நான் மறுக்காததையே என் சம்மதம் எனக் கொண்டு வருகிறார் என்பதையும், இதன் விளைவாக என் நெஞ்சும், ஒரு பாவமும் அறியாத என் கணவரின் மானமும் பாதிக்கப்பட்டுள்ளன என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’”



“எப்படி இருக்கு?” என்றார் நம்மவர். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“ஐயையோ சார், இது போச்சுன்னா உங்களுக்கு மெமோ வரும்!”

“வரட்டுமேம்மா. வாக்கியம் எப்படி, அதைச் சொல்லுங்க.”

“வாக்கியம் நல்லாத்தான் இருக்கு.”

“இதிலே ஒரு வார்த்தையை எடுக்க முடியுமா?”

“முடியாது சார்.”

“திருப்பி அனுப்ப முடியுமா அவங்களாலே?”

“முடியவே முடியாது.”

“அப்போ டைப் பண்ணுங்க.”

“மாட்டேன்.”

நம்மவர் திடுக்கிட்டார். பதினொரு வருஷத்தில் அந்த மேசையிலிருந்து அவர் கேட்ட முதல் ‘மாட்டேன்’.

“புகார் எழுதணும்னா முதல் வருஷமே எழுதியிருக்க மாட்டேனா? எனக்குக் கொஞ்சம் நல்ல காத்து வேணும், அவ்வளவுதான் சார். உங்களுக்கு மெமோ வாங்கிக் குடுத்துட்டு நான் கீழே போய் நிம்மதியா உட்கார முடியுமா?”

“அப்போ வேற யாருகிட்டேயாவது குடுத்து...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வேறு யாரால் அந்தக் கையெழுத்தைப் படிக்க முடியும்? தாளைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். ‘கணவரின்’ என்பதற்கு அப்பால் அவருக்கே இப்போது பிடிபடவில்லை. ஆயுளில் எழுதின மிகச் சிறந்த கடிதம், அதைப் படிக்கக் கூடிய ஒரே ஆள் அதை அனுப்ப மாட்டேன் என்கிறார்.

  பிறகு நம்மவர் தன் மேசைத் தட்டுக்குள் கையை விட்டு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு பழுப்பேறின தாளை உருவினார். சிந்திக்கலாம், முயலலாம், தவிர்ப்பது நலம் என்று நான்கு வருஷமாகச் சேர்த்துவைத்த சிவப்புத் திருத்தங்களை ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் முதல் முதலாக வந்த வரி மட்டும் மிஞ்சியது. அதில் ‘கட்டடத்தினுள்’ என்பதற்குப் பக்கத்தில், ‘ஜன்னல் உட்பட’ என்று சேர்த்தார். ஓட்டை உள்ள தாளை அனுப்ப அவரால் முடியாதே.

“இதையாவது டைப் பண்ணுவீங்களா?”

அந்த அம்மா வாங்கிப் பார்த்தார்.  நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடித்தார். ஒரே நிமிஷம்தான் ஆயிற்று.

இதோடு நம்மவர் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மறுநாள் முதல் அவர் கேட்டுக்கு வெளியே, வெயிலில் போய் நின்று ஊத ஆரம்பித்தார். இறங்க அறுபத்திரண்டு படி, ஏற அறுபத்திரண்டு. முதல் நாள் ஒன்பது முறை போய்வந்தார். வாரக் கடைசியில் அது நாலாகக் குறைந்தது. அதற்குக் காரணம் அவர் மனசு என்று அவர் சொல்கிறார், முழங்கால் என்று அட்டெண்டர் சொல்கிறார். கொள்கை மட்டும் குறையவில்லை, புதிதாக ஒன்று கிளம்பிவிட்டது. படிக்கட்டில் யாராவது தீப்பெட்டியோடு அகப்பட்டால் போதும்: “சுதந்திரம்னா கண்ட இடத்திலே ஊதறதாய்யா? அறிவிப்பைப் படிச்சியா? யாரு எழுதினதுன்னு தெரியுமா?” பம்ப் இன்ஜினியருக்கு இந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை.

அறிவிப்பு ஒட்டின அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு காரியம் செய்தார். பால்கனி வாசலில் நின்று சிகரெட்டை எடுத்தார், மூன்று முறை தட்டினார், குச்சியை மட்டும் கிழிக்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் பற்றவைக்காத சிகரெட்டோடு அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“உனக்கு இதிலே ஆட்சேபணை ஏதாவது...”

“இருக்கு.”

கையில் இருந்த பத்திரிகையிலிருந்து மனைவி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. யோசிக்கவும் இல்லை. அந்த ஒரு வார்த்தை முப்பது வருஷமாக வாயிலேயே காத்திருந்தது போல் அவ்வளவு சுலபமாக வந்தது. நம்மவர் சிகரெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். மேல்மாடித் தையல்காரம்மா ஆறேகாலுக்கு எழுந்து வந்து, ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடுதான் போய் உட்கார்ந்தாராம்.

டைப்பிஸ்ட் அம்மா ஆவண அறைக்குப் போகவில்லை. இருமல் உடனே நின்றுவிடவில்லை, டாக்டர் ஆறு மாதம் என்கிறார். அந்தச் சிவப்பு மைக் கடிதத்தை அவர் கிழித்துப் போடவும் இல்லை. கையெழுத்துப் போட்டு, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, இழுப்பறையில் வைத்திருக்கிறார். மழை நாளில் நம்மவருக்குக் கீழே இறங்க மனசு வராது. மெதுவாக ஜன்னல் பக்கம் போவார், சட்டைப்பையைத் தட்டுவார். அந்த அம்மா தலையை நிமிர்த்தாமல், வேலையைப் பார்த்துக்கொண்டே, இழுப்பறையை இரண்டு அங்குலம் இழுப்பார். அந்தச் சத்தம் போதும். நம்மவர் குடையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிகரெட்டையே தொடாதவர் நீங்கள், இந்தக் கதை உங்களுக்கில்லை. ரொம்பச் சந்தோஷம். ஆனால் பஸ்ஸில் சத்தமாகப் போன் பேசிக்கொண்டே பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துத் தலையாட்டினீர்களே, விருந்தாளிகளை வாசல்வரை கூட்டிவந்துவிட்டு வீட்டில் “வரச் சொல்லிட்டேன், பரவாயில்லையே?” என்றீர்களே, வேலையை இன்னொருவர் மேசையில் வைத்துவிட்டு, “உங்களுக்குச் சிரமம் இல்லையே?” என்று குனிந்து கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கேட்டது குச்சியைக் கிழிப்பதற்கு முன்னாலா, பின்னாலா? அவர் என்ன சொன்னார்? “பரவாயில்லை” என்றாரா?

அப்படியானால் ஒன்று செய்யுங்கள். அவர் எழுந்து வெளியே போகிற நேரம் பார்த்து, அந்த இழுப்பறையை லேசாகத் திறந்து பாருங்கள். தேதி மட்டும் போடாமல் உள்ளே ஒரு தாள் இருந்தாலும் இருக்கும்.